பாறை அடுக்குகளைப் பிரித்துப் பெயரிடுவது எப்படி? அரியலூர்ப் பாறைகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

திருச்சிக்கு வடகிழக்கே ஊட்டத்தூர்ப் பக்கம் தொடங்கி, காரை, கருடமங்கலம், அரியலூர் வழியாகக் கிழக்கே போனால் ஒரே நாளில் மிக நீண்ட காலத்தைக் கடந்துவிடலாம். மேற்கு ஓரத்தில் இருப்பவை சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் படிவுகள். கிழக்கே நின்னியூரை எட்டும்போது டைனோசர்கள் அழிந்த பிறகு படிந்த சுண்ணாம்புக்கல்லின் மேல் நிற்பீர்கள். இந்தியாவில், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரெட்டேசியஸ் காலக் கடல் பாறைகளை இவ்வளவு ஒழுங்கான வரிசையில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் மிகச் சில.

1840-களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இப்பகுதிப் புதைபடிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். அப்புறம் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊர் ஊராக நடந்து வரைபடம் போட்டு, 1862-இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். பல திருத்தங்களுக்குப் பிறகும் அந்த மூன்று பெயர்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அவர் எதைப் பார்த்து அப்படிப் பிரித்தார், இன்று ஒருவர் பிரிப்பதானால் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பாறைத் தொகுதியை மூன்று விதமாகப் பிரிக்கலாம்: கல்லின் தன்மையை வைத்து, உள்ளே இருக்கும் உயிர் எச்சங்களை வைத்து, அது படிந்த காலத்தை வைத்து. இந்த மூன்றின் எல்லைக் கோடுகளும் ஒரே இடத்தில் விழ வேண்டும் என்று எந்த விதியும் கிடையாது. பெரும்பாலும் விழுவதும் இல்லை. பாடப்புத்தகங்களில் மூன்றும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வருவதால், மாணவர்கள் அவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இந்தக் குழப்பம் போய்விட்டால், பாறை அடுக்குகளை ஆராயும் துறையான அடுக்கியலில் பாதி புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 1: கையில் என்ன வேண்டும்

புவியியல் சுத்தியல், சாய்மானம் அளக்கும் வசதி உள்ள காம்பஸ், 10 மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ், அளவு டேப், 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள சிறு சொட்டுப் புட்டி, மணல் அளவை ஒப்பிடும் அட்டை, நோட்டு, பென்சில். இருப்பிடம் குறிக்க ஜி.பி.எஸ். போதும், கைபேசியில் இருப்பதே பரவாயில்லை. சிமெண்ட் சுரங்கத்துக்குள் இறங்குவதானால் அனுமதி, தலைக்கவசம் இரண்டும் கட்டாயம். சுரங்கச் சுவருக்கு நேர் கீழே நின்று கல் உடைக்கவே கூடாது.

படி 2: எது அடுக்கு, எது அடுக்கு இல்லை

அடுக்கு என்றால், மேலும் கீழும் உள்ளவற்றிலிருந்து பிரித்துப் பார்க்கக்கூடிய ஒரு படிவு. 1 செ.மீ.க்கு மேல் தடிமன் இருந்தால் அதைப் படுகை என்கிறோம். அதற்குக் கீழே இருந்தால் மென்தகடு. படுகைகளுக்குள்ளும் 10 முதல் 30 செ.மீ. வரை நடுத்தரம், 30 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை தடித்தது, அதற்கு மேல் மிகத் தடித்தது என்று வகைகள் உண்டு. இரண்டு படுகைகளுக்கு நடுவே உள்ள தளம் ஏதோ ஒரு மாற்றத்தின் அடையாளம். மணல் வரத்து நின்றிருக்கலாம், நீரோட்டத்தின் வேகம் மாறியிருக்கலாம், சிறிது காலம் எதுவுமே படியாமல் இருந்திருக்கலாம்.

பாறையில் தெரியும் கோடெல்லாம் அடுக்காகிவிடாது. இதைக் கற்றுக்கொள்ளக் காரையைவிட நல்ல இடம் கிடையாது. மழை அரித்து ஓடையும் மேடுமாக ஆக்கிவிட்ட களிமண் நிலம் அது. மரம் மட்டை அதிகம் கிடையாது, வெயிலில் தரை முழுக்கப் பளபளவென்று மின்னும். மின்னுவது ஜிப்சம் என்ற மென்மையான கனிமம். பக்கத்தில் குந்திப் பார்த்தால், விரல் தடிமனில் வெண்ணிற ஜிப்சப் பட்டைகள் களிமண்ணுக்குள் ஓடுவது தெரியும். சில படுகைக்கு இணையாக ஓடும். சில குறுக்கே வெட்டிக்கொண்டு மேலேறும். அந்தக் குறுக்குவெட்டுதான் துப்பு. கடலடியில் களிமண்ணோடு சேர்ந்து படிந்திருந்தால் இந்தப் பட்டை எதையும் வெட்டியிருக்காது. களிமண் இறுகி, விரிசல் விட்ட பிறகு, அந்த விரிசல்களில் கரைசலிலிருந்து படிகமாக வளர்ந்தது அது. ஆக, ஜிப்சம் நரம்பு; களிமண்தான் அடுக்கு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஜிப்சத்தின் இழைகள் விரிசலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நிற்பதையும் காணலாம்.

இதே எச்சரிக்கை இரும்புக் கறைக்கும் பொருந்தும். மணற்கல்லுக்குள் நீர் ஊறி ஏறிய இடங்களில் மஞ்சளும் சிவப்புமாக வளைய வளையமாகக் கோடுகள் விழும். அவை படுகைத் தளங்களைப் பொருட்படுத்தாமல் வளைந்து போகும். நிறத்தை மட்டும் நம்பி அடுக்கு பிரித்தால் தவறாகத்தான் முடியும். மணியின் (பாறையில் உள்ள துகளின்) அளவு எங்கே மாறுகிறது என்று தேடுங்கள்.

படி 3: எது கீழே, எது மேலே

1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதிவைத்த விதிகள் இன்றும் அடிப்படை. புரட்டிப் போடப்படாத வரிசையில் கீழே இருப்பது முந்தையது, மேலே இருப்பது பிந்தையது. படிவுகள் ஏறக்குறையக் கிடைமட்டமாகப் படிகின்றன. இப்போது சாய்ந்திருந்தால் பிறகு சாய்ந்தவை. ஓர் அடுக்கு, படிந்த பள்ளத்தின் ஓரம் வரை தொடர்ந்து பரவியிருந்திருக்கும். நடுவில் ஆறு வெட்டியிருந்தாலும் இரு கரையிலும் இருப்பது ஒரே அடுக்குதான்.

“புரட்டிப் போடப்படாத” என்பதைச் சோதித்துத்தான் ஆக வேண்டும். ஒரு படுகைக்குள் மணி கீழே பெரிதாகவும் மேலே சிறிதாகவும் போகிறதா? சேறு காய்ந்து வெடித்த விரிசல்கள் கீழ்நோக்கிக் கூம்புகின்றனவா? சாய்வரி மணற்கல்லில் (படுகைக்குள்ளேயே மெல்லிய வரிகள் சாய்வாக ஓடும் மணற்கல்) அந்த வரிகளின் மேற்பக்கம் அரித்து வெட்டப்பட்டு, கீழ்ப்பக்கம் வளைந்து தழுவியிருக்கிறதா? இவை எல்லாம் மேல்பக்கத்தைக் காட்டிக் கொடுக்கும். இமயமலையில் இந்தச் சோதனை இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அரியலூரில் அந்தச் சிக்கல் இல்லை. மேற்கே உள்ள நைஸ், சார்னோக்கைட் என்ற பழைய, கடினமான, படிவு அல்லாத அடித்தளப் பாறைகளின் மேல் அமர்ந்து, அடுக்குகள் பெரும்பாலும் கிழக்கு நோக்கியும் தென்கிழக்கு நோக்கியும் மெல்லச் சாய்கின்றன. அதனால்தான் கிழக்கே நடக்க நடக்க இளைய பாறைகள் வருகின்றன.

சாய்ந்த அடுக்கின் தடிமனை நேராக அளக்க முடியாது. தரை சமமாக இருந்தால், அடுக்கு ஓடும் திசைக்குச் செங்குத்தாக அதன் அகலத்தை அளந்து, சாய்மானக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 5 பாகை சாய்ந்த ஓர் அடுக்கு தரையில் 100 மீட்டர் அகலம் காட்டினால் அதன் உண்மைத் தடிமன் 8.7 மீட்டர்தான். சாய்மானம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது 1 பாகை தவறினாலும் விடை கணிசமாக மாறும். எனவே பல இடங்களில் சாய்மானம் எடுத்துச் சராசரி பாருங்கள்.

படி 4: அடுக்கு அடுக்காக எழுதுதல்

அடியிலிருந்து மேலே போகும் வரிசையில், ஒவ்வொரு படுகைக்கும் ஒரு வரி. தடிமன், பாறை வகை, நிறம் (உடைத்த புது முகத்திலும், வெயில் மழை பட்ட முகத்திலும் தனித்தனியாக), மணியின் அளவு, உள்ளமைப்பு, புதைபடிவம், மேல் எல்லையின் தன்மை. நோட்டில் இடது ஓரம் தடிமன் அளவுகோல். வலப்பக்கம் மணி பெரிதாகப் பெரிதாக வெளியே நீளும் படம். அதிக வேலைதான். ஆனால் இந்தப் பதிவு இல்லாமல் பின்னால் செய்யும் எந்த வகைப்பாட்டுக்கும் அடித்தளம் கிடையாது.

மணி அளவில் 2 மி.மீ.க்கு மேல் சரளை, 2 முதல் 0.063 மி.மீ. வரை மணல், அதற்குக் கீழே 0.004 மி.மீ. வரை வண்டல், அதனினும் நுண்ணியது களி. வண்டலையும் களியையும் கண்ணால் பிரிக்க முடியாது. ஒரு சிட்டிகையை முன்பல்லில் வைத்துத் தேய்த்தால் நறநறவென்றால் வண்டல், வழுவழுவென்றால் களி. உலகம் முழுக்கப் புவியியலாளர்கள் செய்வது இதைத்தான்.

சுண்ணாம்புக்கல்லா என்று பார்க்க அமிலம். ஒரு சொட்டு விட்டதும் பொங்கினால், சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட் இருக்கிறது. மக்னீசியம் கலந்த சுண்ணக் கனிமமான டோலமைட் உடனே பொங்காது. கீறிப் பொடியாக்கி விட்டால் மெல்லப் பொங்கும். ஆனால் “சுண்ணாம்புக்கல்” என்று மட்டும் எழுதி வைத்தால் பாதித் தகவல் போய்விடும். 1962-இல் டன்ஹாம் வகுத்த முறை இங்கே உதவும். அவர் கேட்ட கேள்வி எளியது: ஓட்டுத் துண்டுகளும் மணிகளும் ஒன்றையொன்று தொட்டுத் தாங்கி நிற்கின்றனவா, அல்லது சுண்ணச் சேற்றில் மிதக்கின்றனவா? சேறே மிகுதியாக, மணிகள் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் மட்ஸ்டோன். மணிகள் கூடினாலும் இன்னும் மிதந்தால் வாக்ஸ்டோன். தொட்டு நின்று, இடுக்கில் சேறும் இருந்தால் பேக்ஸ்டோன். சேறே இல்லாவிட்டால் கிரெய்ன்ஸ்டோன். சேறு தங்கியிருந்தால் நீர் அமைதியாக இருந்தது, சேறு அலசப்பட்டிருந்தால் அலையோ ஓட்டமோ இருந்தது. பாறைக்குப் பெயர் வைக்கும்போதே அது படிந்த சூழலும் பதிவாகிவிடுகிறது. அந்தக் காரணத்தால் எனக்கு இந்த முறை மிகவும் பிடிக்கும்.

படி 5: எல்லைகளைப் படித்தல்

இரண்டு பாறை வகைகள் சந்திக்கும் இடத்துக்குப் போய், கையால் தொட்டுப் பாருங்கள். மாற்றம் கத்தியால் வெட்டியது மாதிரி இருக்கிறதா, அரை மீட்டருக்குள் படிப்படியாக மாறுகிறதா, அல்லது கீழ்ப்பாறை அரிக்கப்பட்டுக் கரடுமுரடாக இருந்து அதன் துண்டுகளே மேல்பாறையின் அடியில் கிடக்கின்றனவா? மூன்றாவது என்றால் நடுவே காலம் தொலைந்திருக்கிறது.

இப்படித் தொலைந்த கால இடைவெளியை இணையின்மை என்பார்கள். அதில் சில வகைகள் உண்டு. கீழே உள்ளவை சாய்ந்திருக்க, மேலே உள்ளவை வேறு சாய்மானத்தில் அவற்றை வெட்டி அமர்ந்தால் கோண இணையின்மை. 1788-இல் ஸ்காட்லாந்தின் சிக்கார் பாயிண்ட்டில் ஜேம்ஸ் ஹட்டன் கண்டது இது. ஏறக்குறைய நிமிர்ந்து நின்ற அடுக்குகளின் தலையை வெட்டி, அவற்றின் மேல் மெல்லச் சாய்ந்த செம்மணற்கல் படிந்திருந்தது. கீழே உள்ளவை படிந்து, இறுகி, மடிந்து, தேய்ந்து, அதன் மேல் மறுபடி படிவு வருவதற்கு எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று அவர் யோசித்ததிலிருந்துதான் பூமியின் வயது பற்றிய பழைய எண்ணங்கள் ஆட்டம் கண்டன. படிவுப் பாறை நேராக நைஸ், கிரானைட் போன்றவற்றின் மேல் அமர்ந்தால் அது இன்னொரு வகை. திருச்சிப் பக்கம் மேற்கு ஓரத்தில் ஊட்டத்தூர்ப் பாறைகள் பல இடங்களில் நைஸ் மேல் அப்படித்தான் அமர்ந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் இணையாகவே இருந்து, நடுவே அரிப்பு மட்டும் தெரிந்தால் மூன்றாவது வகை. அரிப்பும் தெரியாமல், புதைபடிவங்களை வைத்து மட்டுமே இடைவெளியைக் கண்டுபிடிக்க முடிகிற வகையும் உண்டு. களத்தில் ஆளை ஏமாற்றுவது இந்தக் கடைசி வகைதான்.

பிளான்ஃபோர்ட் ஊட்டத்தூரையும் திருச்சிராப்பள்ளியையும் பிரித்ததற்கு இப்படி அரிப்பு தெரியும் எல்லைதான் ஆதாரம். திருச்சிராப்பள்ளிப் பாறைகள் ஊட்டத்தூர்ப் பாறைகளின் அரிக்கப்பட்ட முகத்தின் மேல் அமர்ந்திருப்பதை அவர் வரைபடம் போட்டபோதே கவனித்தார். அரியலூர்ப் பாறைகளோ சில இடங்களில் திருச்சிராப்பள்ளிப் பாறைகளையும் தாண்டிப் பரவிக் கிடக்கின்றன.

படி 6: ஃபார்மேஷன் என்ற அலகு

இனி பிரிப்பு. கல்லின் தன்மையை வைத்துப் பிரிக்கும் முறையில் அடிப்படை அலகு ஃபார்மேஷன். ஒரு பாறைத் தொகுதி ஃபார்மேஷன் ஆக வேண்டுமானால், மேலும் கீழும் உள்ளவற்றிலிருந்து கல்லின் தன்மையால் தெளிவாக வேறுபட வேண்டும். வழக்கமான அளவில் போடும் வரைபடத்தில் வண்ணம் தீட்டிக் காட்டும் அளவுக்குப் பரவியிருக்க வேண்டும். தடிமனுக்கு வரம்பு கிடையாது. வயது இதில் சேரவே சேராது. 8 கோடி ஆண்டுப் பாறை என்பதால் ஃபார்மேஷன் ஆகிவிடாது. இது நுண்மணல், அது சுண்ணாம்புக்கல் என்பதால்தான் ஆகும்.

ஃபார்மேஷனுக்குக் கீழே மெம்பர், அதற்கும் கீழே பெட். மேலே போனால் சில ஃபார்மேஷன்கள் சேர்ந்து குரூப், சில குரூப்கள் சேர்ந்து சூப்பர் குரூப். ஒரு ஃபார்மேஷனை மெம்பர்களாகப் பிரித்தே தீர வேண்டும் என்பதில்லை. பாறை இடம் கொடுத்தால் பிரிக்கலாம்.

அரியலூர் குரூப்பை எடுத்துக்கொள்வோம். பரவலாகப் பயன்படும் பிரிப்பில் அதற்குள் அடியிலிருந்து சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஒட்டக்கோவில், கல்லமேடு என நான்கு ஃபார்மேஷன்கள். சில்லக்குடி பெரும்பாலும் மணற்கல். அதன் மேல் உள்ள கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல்; சிமெண்ட் ஆலைகள் தோண்டுவது இதைத்தான். ஒட்டக்கோவிலில் மறுபடி மணற்கல், அதில் கடல் முள்ளெலிகளின் ஓடுகள். கல்லமேடு ஆற்றுப் படிவு, கடல் பின்வாங்கிய காலத்தது. கல்லங்குறிச்சியை மட்டும் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தவர்கள் அதை நான்கு மெம்பர்களாகப் பிரித்திருக்கிறார்கள். அடியில் மணல் கலந்த கல்லார் மெம்பர். மற்றவற்றில் இனோசெராமஸ் என்ற சிப்பி வகையின் ஓடுகள் நிறைந்த காட்டுப்பிரிங்கியம் மெம்பரும், கிரைஃபியா சிப்பிகள் நெருக்கமாகக் கிடக்கும் சீனிவாசபுரம் மெம்பரும் உண்டு. சுரங்கச் சுவரில் இந்தச் சிப்பிப் படுகைகளைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஒவ்வொரு சிப்பியும் கனத்த, வளைந்த ஓடு. கைநிறைய அள்ளலாம் என்பது போலக் குவிந்து கிடக்கும்.

புதிதாக ஓர் அலகுக்குப் பெயர் வைப்பதற்கு முறை உண்டு. சர்வதேச அடுக்கியல் வழிகாட்டியின் முதல் பதிப்பு 1976-இல் ஹெட்பெர்க் தொகுத்து வந்தது, இரண்டாவது 1994-இல் சால்வடார் தொகுத்தது. அது கேட்பவை:

- அலகு நன்றாகத் தெரியும் இடத்துக்கு அருகில் உள்ள ஊர் அல்லது ஆற்றின் பெயர், ஏற்கெனவே வேறு அலகுக்குச் சூட்டாததாக.
- ஒரு மாதிரி வெட்டுமுகம்: இன்ன இடத்தில், இன்ன அட்சரேகை, இன்ன தீர்க்கரேகையில், அடி எல்லையும் மேல் எல்லையும் இதோ என்று காட்டக்கூடிய இடம்.
- கல்லின் விவரம், தடிமன், பரப்பு, எல்லைகளின் தன்மை, பக்கத்து அலகுகளோடு உள்ள உறவு.
- மற்ற ஆய்வாளர்கள் படிக்கும் இதழில் வெளியீடு.

இரண்டாவதுதான் உயிர்நாடி. பின்னால் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் நேரில் போய்ப் பார்க்க ஓர் இடம் இருக்க வேண்டும். மாதிரி வெட்டுமுகம் ஒரு சுரங்கத்தில் இருந்து, சுரங்கம் மூடி நீர் நிரம்பிவிட்டால் அந்த வாய்ப்பே போய்விடும். அரியலூர் வட்டாரத்தில் இது உண்மையான கவலை. நல்ல வெட்டுமுகங்கள் பல சுரங்கங்களில்தான் இருக்கின்றன. தோண்டத் தோண்டத்தான் தெரிகின்றன, தோண்டி முடித்ததும் மறைந்தும் விடுகின்றன.

எல்லோரும் ஒரே மாதிரி பிரிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருச்சிராப்பள்ளி குரூப்பைக் குளக்காநத்தம், ஆனைப்பாடி என்று இரண்டு ஃபார்மேஷன்களாகப் பிரிப்பவர்களும் உண்டு. கருடமங்கலம் என்ற ஒரே பெயரில் அடக்குபவர்களும் உண்டு. மெருகேற்றினால் அழகாக வரும் சிப்பிச் சுண்ணாம்புக்கல்லுக்குப் பேர்போன கருடமங்கலம்தான் அது. ஆய்வுக் கட்டுரை படிக்கும்போது முதலில் யாருடைய பிரிப்பைப் பின்பற்றுகிறார்கள் என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரே பாறையை இரண்டு பாறையாக எண்ணிக்கொள்வீர்கள்.

பூமிக்கடியில் இன்னொரு பெயர்த்தொகுதி இருக்கிறது. காவிரிப் படுகையில் (இங்கே படுகை என்பது படிவுகள் நிரம்பிய பெரும் பள்ளம்) எண்ணெய் தேடித் துளையிட்டவர்கள் ஆண்டிமடம், சத்தப்பாடி, புவனகிரி, குடவாசல், நன்னிலம் என்று டெல்டாப் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். அங்கே பாறையைக் கண்ணால் பார்க்க முடியாது. துளைக்குள் கருவி இறக்கி, பாறையிலிருந்து வரும் காமா கதிர்வீச்சை அளப்பார்கள். களிக்கல்லில் பொட்டாசியமும் தோரியமும் அதிகம், வரைகோடு வலப்பக்கம் எகிறும். சுத்தமான மணற்கல்லில் இடப்பக்கம் விழும். மேலே தெரியும் பாறைக்கும் கீழே உள்ள பாறைக்கும் வயது ஒன்றாக இருந்தாலும், கரையோரம் படிந்ததும் ஆழ்கடலில் படிந்ததும் கல்லின் தன்மையில் வேறு. எனவே வேறு பெயர் வைத்தது சரிதான்.

படி 7: உயிர் எச்சங்களை வைத்துப் பிரித்தல்

இங்கிலாந்தில் கால்வாய் வெட்ட நிலம் அளந்த வில்லியம் ஸ்மித், ஒவ்வோர் அடுக்குக்கும் தனக்கே உரிய புதைபடிவங்கள் உண்டு என்றும், அவை எங்கே பார்த்தாலும் ஒரே வரிசையில் வருகின்றன என்றும் கவனித்தார். அதை வைத்து 1815-இல் நாட்டுக்கே நிலவியல் வரைபடம் போட்டார். பரிணாமக் கொள்கை வருவதற்கு முன்பே இந்த முறை வேலை செய்தது.

இந்த முறையின் அலகு மண்டலம். ஓர் இனம் முதலில் தோன்றும் மட்டத்திலிருந்து மறையும் மட்டம் வரை ஒரு மண்டலம் என்று வைக்கலாம். இரண்டு இனங்கள் சேர்ந்து காணப்படும் பகுதியை மட்டும் எடுக்கலாம். அது இன்னும் நுட்பமானது. அடுத்தடுத்து நடந்த இரண்டு தோற்றங்களுக்கு இடைப்பட்ட பகுதியையும் எடுக்கலாம்.

எல்லாப் புதைபடிவமும் இதற்கு உதவாது. ஓர் இனமாகக் குறுகிய காலமே நிலைத்து, கடல் கடலாகப் பரவி, ஏராளமாகக் கிடைத்து, எளிதில் அடையாளம் காண முடிவதுதான் நல்லது. கிரெட்டேசியஸ் பாறைகளில் அம்மோனைட்டும் (சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் உயிரி) மிதவை ஃபோராமினிஃபெராவும் (நீரில் மிதந்து வாழும், நுண்ணிய ஓடுள்ள ஒருசெல் உயிரி) அந்த வேலையைச் செய்கின்றன. கல்லங்குறிச்சியில் அள்ளக் கிடைக்கும் கிரைஃபியா அவ்வளவு உதவாது. கடலடித் தரையின் தன்மையைப் பொறுத்து வாழும் சிப்பி அது. சூழல் பொருந்திய இடத்தில் இருக்கும், பொருந்தாத இடத்தில் இருக்காது. அது இல்லாதது காலத்தைப் பற்றி எதையும் சொல்லிவிடாது.

காரையில் இறங்கினால் கண்ணில் முதலில் படுவது பெலம்னைட்டுகள். கணவாய் மீனின் தூரத்துச் சொந்தங்களுடைய உள்ளோடு. துப்பாக்கி ரவை போல நீண்டு கூர்ந்த பழுப்புக் கல். அம்மோனைட்டுகள் பெரும்பாலும் துண்டுகளாக, ஓட்டின் சுருளோடு கிடைக்கும். ஆனால் மண்டலப் பிரிப்புக்குத் தேவையானதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாத அளவில் களிமண்ணுக்குள் இருக்கிறது. அடுக்கின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு உள்ளே இருக்கும் புதுக் களிமண்ணை எடுக்க வேண்டும். காயவைத்து, நீரில் ஊறவைத்து (கரையாவிட்டால் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்து), 63 மைக்ரான் சல்லடையில் அலசி, மீந்ததை உலர்த்தி நுண்ணோக்கியில் பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே சல்லடையை நன்றாகக் கழுவாவிட்டால், மேல் மட்டத்து இனம் கீழ் மட்டத்தில் “தோன்றிவிடும்”.

தரையில் உதிர்ந்து கிடப்பதை ஒருபோதும் அடுக்கிலிருந்து எடுத்ததாக எழுதாதீர்கள். மேட்டிலிருந்து மழைநீர் உருட்டி வந்திருக்கலாம். பழைய அடுக்கிலிருந்து அரிபட்டு வந்து புதிய அடுக்கில் மீண்டும் புதைந்த ஓடுகளும் உண்டு; தேய்ந்த விளிம்பு, வேறு நிறம், வேறு நிரப்புமண் ஆகியவற்றால் அவற்றை அடையாளம் காணலாம்.

இடத்திலேயே பதிவு செய்வது எவ்வளவு முக்கியம் என்பதற்குக் கல்லமேடு சாட்சி. அங்கே கிடைத்த மாபெரும் டைனோசர் எலும்புகளுக்கு 1987-இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊன் உண்ணியாகக் கருதப்பட்டது, பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி வகையாகக் கருதப்பட்டது. அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்துவிட்டன. எஞ்சியிருப்பது அளவுகளும் படங்களும் மட்டும்தான்.

படி 8: காலத்தை வைத்துப் பிரித்தல்

மூன்றாவது பிரிப்பில் அலகுகள் சிஸ்டம், சீரீஸ், ஸ்டேஜ் என்று போகும். கிரெட்டேசியஸ் ஒரு சிஸ்டம். ஆல்பியன், செனோமேனியன், டூரோனியன், காம்பானியன், மாஸ்ட்ரிக்டியன் எல்லாம் ஸ்டேஜ்கள். அதே சொற்கள் காலத்தையும் குறிக்கும்: கிரெட்டேசியஸ் சிஸ்டம் என்றால் பாறை, கிரெட்டேசியஸ் பீரியட் என்றால் அது படிந்த காலம்.

ஸ்டேஜ் எல்லையை யாரும் தன் ஊர்ப் பாறையில் நினைத்த இடத்தில் போட முடியாது. ஒவ்வொன்றின் அடி எல்லைக்கும் உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரே ஓர் இடத்தை, ஒரே ஓர் அடுக்கில், சர்வதேச அடுக்கியல் ஆணையத்தின் வழியாக முடிவு செய்கிறார்கள். இதற்குத் தங்க ஆணி என்று பெயர். முதல் ஆணி 1972-இல் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் குளோங்க் என்ற இடத்தில், சிலூரியனுக்கும் டெவோனியனுக்கும் நடுவே. செனோமேனியனின் அடி எல்லை பிரான்சின் மோன் ரிசூவில், வயது 10.05 கோடி ஆண்டுகள். டூரோனியனுக்கு அமெரிக்காவின் கொலராடோவில் புவெப்லோ அருகே, 86 என்று எண்ணிட்ட அடுக்கின் அடியில், ஓர் அம்மோனைட் இனம் முதலில் தோன்றும் மட்டம், 9.39 கோடி ஆண்டுகள். கிரெட்டேசியஸ் முடிந்து பேலியோஜீன் தொடங்கும் எல்லை துனிசியாவின் எல் கெஃப்பில், 6.6 கோடி ஆண்டுகள்.

இப்போது காரைக்குத் திரும்புவோம். காரை ஃபார்மேஷன் பிந்தைய ஆல்பியனில் தொடங்கி, செனோமேனியன் முழுவதையும் கடந்து, முந்தைய டூரோனியன் வரை போகிறது. அதாவது உலகப் பொது எல்லைகள் இரண்டு அந்தக் களிமண்ணுக்குள்ளேயே ஓடுகின்றன. அந்த மட்டத்தில் நின்று பார்த்தால் கண்ணுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. மேலும் களிமண், கீழும் களிமண். ஃபோராமினிஃபெராவும் அம்மோனைட்டும் இல்லாமல் அந்தக் கோட்டைப் போடவே முடியாது. ஒரு ஃபார்மேஷன், மூன்று ஸ்டேஜ்.

எதிர்ப்பக்கமும் நடக்கும். கடல் மெல்ல நிலத்துக்குள் ஏறி வரும்போது கரை மணல் பட்டையும் கூடவே நகரும். இறுதியில் பல கிலோமீட்டர் பரவிய ஒரே மணற்கல் கிடைக்கும். வரைபடத்தில் ஒரே வண்ணம். ஆனால் கடல்பக்க முனை நிலப்பக்க முனையைவிட வயதில் மூத்தது. ஃபார்மேஷனின் எல்லை காலக் கோட்டைச் சாய்வாக வெட்டிக்கொண்டு போகிறது. அருகருகே இருந்த சூழல்கள் இப்படி நகரும்போதுதான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காகின்றன என்பதை 1894-இல் யோஹான்னஸ் வால்தர் விதியாக எழுதினார். நடுவே இடைவெளி இல்லாத வரிசைக்குத்தான் அது பொருந்தும்.

படி 9: துணை முறைகள்

பூமியின் காந்தப்புலம் அவ்வப்போது திசை மாறுகிறது. படியும் மணிகள் அதைப் பதிவு செய்துகொள்கின்றன. இதை வைத்து அடுக்குகளை ஒப்பிடலாம். ஆனால் சுமார் 12 கோடி முதல் 8.3 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை புலம் ஏறக்குறைய மாறவே இல்லை. ஊட்டத்தூர்ப் பாறைகள் முழுவதும் அந்த அமைதிக் காலத்துக்குள் விழுவதால் அவற்றுக்கு இந்த முறையால் பயன் குறைவு. அந்த நீண்ட காலம் முடியும் திருப்பத்தைத்தான் இத்தாலியின் குப்பியோவில் காம்பானியனின் அடி எல்லைக்கு அடையாளமாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

கார்பனின் கனமான ஐசோடோப்பு (கார்பன்-13) அளவு செனோமேனியன்-டூரோனியன் எல்லையை ஒட்டி உலகக் கடல்கள் முழுவதிலும் ஒரே மாதிரி எகிறுகிறது. கடலடியில் ஆக்சிஜன் பற்றாக்குறை ஏற்பட்ட காலம் அது. புதைபடிவம் குறைவான இடத்தில் இந்த எகிறல் கைகொடுக்கும். எரிமலைச் சாம்பல் அடுக்கு கிடைத்தால் அதில் உள்ள சிர்கான் என்ற கனிமத்தின் படிகங்களில் யுரேனியம்-ஈய விகிதத்தை அளந்து நேரடியாக வயது சொல்லலாம். மணற்கல்லின் சிர்கானை அளந்தால் கிடைப்பது அந்த மணி பிறந்த பாறையின் வயதுதான். மணற்கல் அதைவிட இளையது என்பதை மட்டுமே சொல்ல முடியும்.

படி 10: அட்டவணை வரைதல்

எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவரும்போது இடது ஓரத்தில் மில்லியன் ஆண்டு அளவுகோல் போட்டு, அடுத்த பத்தியில் ஸ்டேஜ்கள், அதற்கடுத்து மண்டலங்கள், கடைசியில் குரூப், ஃபார்மேஷன், மெம்பர் என்று வரையுங்கள். ஸ்டேஜ் கோடுகள் நேர்கோடாக இருக்கும். ஃபார்மேஷன் எல்லைகளை நேர்கோடாக இழுக்க வேண்டாம். வயது சாய்ந்து போகிறது என்று தெரிந்தால் சாய்த்தே போடுங்கள். புதைபடிவ ஆதாரம் இல்லாமல் ஊகித்த எல்லைக்கு விட்டு விட்டுக் கோடு.

இணையின்மை உள்ள இடத்தில் பாறைகளை ஒட்டி வரைந்துவிடக் கூடாது. களத்தில் ஊட்டத்தூரின் மேல் திருச்சிராப்பள்ளி நேராக அமர்ந்திருக்கலாம். தடிமன் அளவுகோலில் நடுவே இடமே இருக்காது. கால அளவுகோலில் அங்கே வெற்றிடம் வர வேண்டும். அரிபட்டுப் போன எல்லைக்கு அலை அலையான கோடு போட்டு, தொலைந்த காலத்தை நெருக்கமான செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது வழக்கம். பல அட்டவணைகளில் இந்தக் கோடிட்ட பகுதி பாறை இருக்கும் பகுதியைவிடப் பெரிதாக வரும். அது இயல்புதான், குறுக்க வேண்டாம்.

நேரில் பார்க்க விரும்புபவர்களுக்கு: பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கிறது, 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, திருச்சிராப்பள்ளி குரூப் பாறைகளுக்குள் கிடக்கிறது. அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் உண்டு. காரைக்கு மழை முடிந்த பிறகு, காலை வெயிலில் போங்கள். களிமண் புதிதாக அரிபட்டிருக்கும், சாய்வான வெளிச்சத்தில் படுகைக் கோடுகள் தெளிவாகத் தெரியும். படம் எடுங்கள், அளவு எடுங்கள், மட்டத்தைக் குறியுங்கள். ஆய்வுத் தேவை இல்லாவிட்டால் கல்லை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.